முதலில் கல்யாணம், பிறகு மரண சாசனம்

போன மாதம் மாத்தளைக்குப் போயிருந்தபோது நான் வேலை செய்த நமசிவாயம் ஐயாவின் கந்தோர்ப் பெயர்ப்பலகைக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். "புறக்டரும் நொத்தாரிசும்" என்று இருந்த இடத்தில் இப்போது "சட்டத்தரணியும் நொத்தாரிசும்" என்று இருக்கிறது. சட்டம் மாறிவிட்டதாம், வக்கீலுக்குரிய புறக்டர் என்ற பெயர் இனிக் கிடையாதாம்; பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு மட்டும் அப்படியே. பக்கத்துத் தேநீர்க்கடைக் காசிம் நானா கடை வாசலில் நின்று அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு மாறினாலும் ஐயா குடிக்கிற பிளேன்டீ அதேதான் தங்கச்சி. சீனி மட்டும் கொறைச்சாச்சு," என்றார்.

என்னுடைய இடத்தில் இப்போது தட்டெழுத்து அடிப்பவள் மங்களா. அவள்தான் கேட்டாள். "அக்கா, அந்தப் பலாபத்வலக் கல்யாணத்தை ஐயா வாரத்துக்கு ஒருக்கா யாருக்காவது சொல்றாரு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளுது. நீங்க நேர்ல இருந்தவங்கதானே, உள்ளதை எழுதி வைங்களேன்."

வேலை அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக நரை கண்டு ஓய்வு பெற்றவர்கள். எனக்கு ஓய்வூதியமும் இல்லை, நரையும் இல்லை. ஒன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்காக வேலையை விட்டவள் நான். என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அவள் தூங்கும்போது எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். சீராகத்தான் இருக்கிறது.

நான் உக்குவளைப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாத்தளையில் தட்டெழுத்து படித்தேன். தமிழும் ஆங்கிலமும் அடிப்பேன், சிங்களம் பேசுவேன். நமசிவாயம் ஐயாவின் கந்தோரில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அப்பாவோடு போனேன். ஐயா எனக்கு வைத்த பரீட்சை ஒரு காணியின் எல்லைகளை வாசித்துக் காட்டுவதுதான். வடக்கே ஓடை, கிழக்கே வேலி, தெற்கே இன்னாருடைய கறுவாத் தோட்டம், மேற்கே வண்டிப் பாதை. வாசித்து முடித்ததும், "இப்ப இந்தக் காணிக்குள்ளை எந்தப் பக்கத்தாலை பிள்ளை போவீர்?" என்று கேட்டார். "மேற்கால, வண்டிப் பாதையில," என்றேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊரில் பல காலம் இருந்தும் அவருடைய பேச்சு மாறவில்லை. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் அவர் பேசுவதைக் கேட்டு முதலில் சிரிப்பை அடக்குவார்கள், பிறகு பயம் போய்விடும். அதற்காகத்தான் அவர் மாற்றவில்லையோ என்று எனக்குச் சில சமயம் தோன்றியிருக்கிறது.

அவரிடம் சில பழக்கங்கள் உண்டு. காணி உறுதியோ, உயில் என்கிற மரண சாசனமோ எழுத வந்தவர் சாப்பிட்டாரா என்று முதலில் கேட்பார். இல்லையென்றால் காசிம் நானா கடையிலிருந்து பணிஸும் தேநீரும் வரும். "பசியோடை இருக்கிறவன் எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவான், சொல்லிப்போட்டு வீட்டை ஓடத்தான் பார்ப்பான்," என்பார். பிறகு கந்தோரின் அரைக்கதவைச் சாத்துவார். தாளில் எங்கும் வெற்றிடம் விடக்கூடாது. ஒரு சொல்லை வெட்டினால் அதை வெட்டியது பற்றிக் கீழே எழுத வேண்டும். ரப்பர் என்ற பொருளே கந்தோருக்குள் வரக்கூடாது. இதெல்லாம் எல்லா நொத்தாரிசுகளுக்கும் உள்ள விதிதான். ஆனால் வாசித்துக் காட்டிய பிறகு அவர் செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"விளங்கிச்சா?" என்று அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தால், "ஆமாங்க" என்பது வாயில் தயாராக இருக்கும். விளங்கவில்லை என்று சொல்வது அவருடைய வாசிப்பைக் குறை சொல்வது போல ஆகிவிடுமே என்ற மரியாதை. ஆகவே ஐயா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "இப்ப எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ, இந்தக் கடதாசியிலை என்ன இருக்கு?" என்பார். அவர்கள் தம்முடைய சொற்களில் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொட மாட்டார்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் உக்குவளையிலிருந்தே ஒருவர் வந்தார். வீட்டை மகனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மகன்தான் விபரங்கள் எல்லாம் சொன்னான், நான் அடித்தேன். ஐயா வாசித்தார். பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கண்ணாடி மடிந்தது.

"சொல்லுங்கோ."

"மகனுக்கு வீட்டைக் குடுக்குறேனுங்க. நான் கண்ணை மூடுற வரைக்கும் முன் அறையில இருப்பேன். என் கட்டில் அங்கதான் கெடக்கும். கோழியும் வளப்பேன்."

ஐயா மகனைப் பார்த்தார். "தம்பி, உந்த முன் அறையும் கோழியும் நான் வாசிச்சதிலை வரேல்லையே."

மகன் கெட்டவன் இல்லை. அப்பாவை வெளியே அனுப்புவார்களா என்ன, அதை எதற்கு எழுதுவது என்று நினைத்திருக்கிறான். ஐயா அந்தத் தாளை அப்படியே கிழித்தார். அப்பாவுக்கு ஆயுள் முழுக்க அந்த வீட்டில் இருக்க உரிமை உண்டு என்று சேர்த்துப் புதிதாக அடித்தேன். கோழியை மட்டும் சேர்க்கவில்லை. பெரியவருக்கு அதில் சிறிது வருத்தம்.

இனிப் பலாபத்வலக் கல்யாணம்.

என் வயிற்றில் மகள் ஏழாம் மாதமாக இருந்த நேரம். வேலையை விடுவதா, குழந்தையை அம்மாவிடம் விட்டுத் தொடர்வதா என்று காலையில் ஒரு முடிவும் மாலையில் ஒரு முடிவுமாக இருந்தேன். ஒருநாள் பெருமாள் என்பவர் தன் மகள் சரோஜாவோடு கந்தோருக்கு வந்தார். ரத்தொட்டைப் பக்கத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து, பலாபத்வலையில் சிறு காணி வாங்கி மிளகும் கொக்கோவும் கராம்பும் போட்டிருந்தார். சரோஜா தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பெருமாளுக்கு வயிற்றில் கல். கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள், அதற்குச் சில வாரங்கள் இருந்தன.

"எனக்கு ஏதும் ஆச்சின்னா, காணியும் வீடும் காத்தாயிக்குப் போகணும்ங்க. அவளுக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு. அதுக்கு என்ன எழுதணுமோ எழுதுங்க," என்றார். காத்தாயி அவர் மனைவி.

"விவாகப் பதிவு இருக்கோ?" என்று ஐயா கேட்டார்.

"தாலி கட்டியிருக்கேனுங்க. தோட்டத்துக் கோயில்ல. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சி."

"பதிவு?"

பெருமாள் மகளைப் பார்த்தார். சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதான் ஐயா பிரச்சினை. பெரியப்பா கேட்டுட்டாரு."

பெரியப்பா என்பது பெருமாளின் அண்ணன் வீரமுத்து. அடுத்த காணியில் இருக்கிறார். ஒரு பொங்கலன்று, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கீழ்ப்பக்கத்துச் சாதிக்காய் மரங்களைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அவை அண்ணனுக்கா தம்பிக்கா என்று வாய்த்தர்க்கம். காத்தாயி நடுவில் ஏதோ சொல்ல, வீரமுத்து, "நீ பேசாதே. ஒன் தாலிக்கு சாமிதான் சாட்சி. சாமி கோர்ட்டுக்கு வருமா?" என்று கேட்டுவிட்டார். விளையாட்டுக்குத்தான் என்று பிறகு சொன்னாராம். ஆனால் காத்தாயி அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. அந்தக் கேள்வி மட்டும் பெருமாளின் மனதை விட்டுப் போகவில்லை.

ஐயா நிதானமாக விளக்கினார். கோயிலில் கட்டிய தாலியும் கல்யாணம்தான், அதைச் சட்டம் மறுப்பதில்லை. ஆனால் யாராவது மறுத்தால், அப்போதிருந்த ஆட்களைக் கூட்டி வந்து நிரூபிக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மரண சாசனம் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். அதையும் யாராவது எதிர்த்தால், பதிவு இருக்கிற மனைவி நிற்கிற இடம் வேறு, இல்லாத மனைவி நிற்கிற இடம் வேறு. "ஒரு கதவுக்கு இரண்டு கொண்டி போடுவம்," என்றார்.

"அப்ப இன்னைக்கே மரண சாசனத்த எழுதிருவோம். பதிவை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து பார்ப்போம்," என்றார் பெருமாள்.

ஐயா கூடாது என்று தலையை அசைத்தார். இதைத்தான் வாசிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் கந்தோருக்கு வந்த படித்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. மரண சாசனம் எழுதிய ஒருவர் பிறகு விவாகப் பதிவு செய்தால், முன்பு எழுதிய சாசனம் செல்லாமல் போய்விடும். புதிதாகத்தான் எழுத வேண்டும்.

"முதல் கல்யாணம், பிறகு மரண சாசனம். மாறிச் செய்தால் இரண்டாவது முதலாவதை விழுங்கிப்போடும்," என்றார் ஐயா.

"அவ சொல்லாம நான் ஒண்ணுலயும் கை வைக்க மாட்டேனுங்க. அவ ஒத்துக்கிற மாட்டா," என்றார் பெருமாள்.

காத்தாயியிடம் என்னைப் போகச் சொன்னார் ஐயா. பெண்ணோடு பெண் பேசினால் சரிவரும் என்று அவர் நினைத்தார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் அடித்து அடித்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

பலாபத்வலையில் இறங்கி உள்ளே நடந்தால் அவர்கள் வீடு. முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. காத்தாயி உயரமான பெண், ஐம்பதைத் தாண்டியவர். என்னைக் கண்டதும், "இந்த வயித்தை வச்சிக்கிட்டு இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க? ஒங்க ஐயாவுக்கு வேற ஆள் கெடைக்கலையா?" என்று கேட்டு, பாயைப் போட்டு உட்கார வைத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைக் கேட்டார். நான் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போற மனுசனை உக்கார வச்சி சாவைப் பத்தி எழுதச் சொல்றீங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் இப்பப் போய்க் கல்யாணம் பதியணும். அப்படித்தானே?"

"ஆமாங்க அக்கா."

"பதிஞ்சா ஊர் என்ன சொல்லும்? காத்தாயிக்கு இன்னைக்குத்தான் கல்யாணம்னு சொல்லும். அப்ப நேத்து வரைக்கும் நான் யாரு? நாலு பிள்ளைங்களைப் பெத்தது யாரு? அந்த ஆளு கேட்ட கேள்விக்கு, ஆமா நீ சொன்னது சரிதான்னு நானே போயிக் கையெழுத்து வைக்கணுமா?"

அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் கல்யாணத்தில் தாலியும் பதிவும் ஒரே நாளில் நடந்தன, எனக்கு இப்படி ஒன்றை யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. இளநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பஸ் நிற்கும் இடம்வரை பெருமாள் கூட வந்தார். என் மனம் சோர்ந்திருந்ததைக் கண்டு ஆறுதலாக ஏதேதோ பேசினார். "அவ கோவம் நியாயந்தான் டைப்பு அம்மா. எனக்கு ஒரு ஆசை இருந்திச்சி. அறுபதாம் கல்யாணம் பண்ணி இன்னொருக்கா அவ கழுத்துல தாலி கட்டணும்னு. எங்க தோட்டத்துல பெரிய கங்காணிக்குச் செஞ்சாங்க, மேளம் வச்சி. ஒடம்பு நல்லா இருந்தா செஞ்சிருக்கலாம்."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. மனைவியையே மறுபடி கல்யாணம் செய்வது நம்மிடம் ஏற்கனவே இருக்கிற வழக்கம். அதை யாரும் குறைவாகப் பேசுவதில்லை. முதல் கல்யாணம் இல்லையென்று அதற்கு அர்த்தமில்லை. முதல் கல்யாணம் இருந்தவர்களுக்குத்தானே அறுபதாம் கல்யாணம். அதே நாளில் பதிவாளரையும் கூப்பிட்டால்?

உடனே சந்தேகம் வந்துவிட்டது. சட்ட விஷயத்துக்குள் இப்படியொன்றைக் கலக்கலாமா? ஐயா சிரித்துவிட்டால்? நோயாளி மனிதர் மேளம் வைத்துக் கல்யாணம் செய்து அலைந்து உடம்பு மோசமானால் அந்தப் பாவம் யாருக்கு? மாத்தளைக்கு வந்து சேர்வதற்குள் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கந்தோர்ப் படியேறியதும் சொல்லிவிட்டேன்.

ஐயா சிரிக்கத்தான் செய்தார். ஆனால் என்னைப் பார்த்து அல்ல, கூரையைப் பார்த்து, சத்தமாக. காசிம் நானா தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பதிவுப் புத்தகத்திலை தாலிக்கு இடமில்லை. ஆனால் தாலி கட்டுற நாளிலை பதியக்கூடாதெண்டும் ஒரு சட்டமில்லை, பிள்ளை. அந்த மனுசனுக்கு அறுபது ஆயிற்றோ?"

அங்கேதான் தடங்கல். சரோஜாவைக் கேட்டோம். "தோட்டத்துல அம்பத்தெட்டுன்னு பதிஞ்சிருக்கு. பேரைச் சேக்கும்போது தாத்தா கூட்டிச் சொன்னாரா கொறைச்சுச் சொன்னாரான்னு, தாத்தா இருந்தப்பவே அவருக்கு ஞாபகம் இல்லையாம்," என்றாள்.

"நான் பதிவாளருக்கு அம்பத்தெட்டு எண்டுதான் சொல்லுவன். அதிலை ஒரு நாளும் கூட்டமாட்டன்," என்றார் ஐயா. "பூசாரி எத்தினை எண்டு எண்ணுறது அவரின்ரை பாடு."

பூசாரி அறுபது என்று எண்ணினார்.

மறுபடி பலாபத்வலைக்குப் போனேன். காத்தாயி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். காய்கிற மிளகை ஒரு தடவை முழுக்கக் கிண்டிவிட்டார். பிறகு கேட்டார்.

"கூறைச்சேலை யாரு எடுக்குறது?"

"நம்ம வீட்டுலயே எடுத்துக்கலாம் அக்கா," என்று அவசரமாகச் சொன்னேன்.

"அது எப்படி? மாப்பிள்ளை வீட்டுல மூத்தவங்கதான் எடுக்கணும். வேற யாரும் எடுக்க ஏலாது. அந்த மனுசன் சேலையை எடுத்துக்கிட்டு வந்து என் கையில குடுக்கட்டும். நான் மணவறையில உக்காறேன். அவரு வரலேன்னா, ஒங்க ஐயாவே நேர்ல வந்தாலும் நான் அடுப்படியை விட்டு வர மாட்டேன்."

வீரமுத்து வர வேண்டும். எந்த மனிதரால் இத்தனையும் வந்ததோ அவரே. காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பெருமாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. பதிவாளருக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்து பதிய விசேட அனுமதி எடுக்க வேண்டும். ஒன்று தாமதித்தால் எல்லாம் தாமதம்.

ஐயா வீரமுத்துவுக்கு ஆளனுப்பினார். அவர் வந்தார், தடித்த மீசை, வெள்ளைச் சட்டை. சாதிக்காய் மரங்களைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்று சண்டைக்குத் தயாராக வந்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"சாப்பிட்டீங்களோ?" என்றார் ஐயா.

நானா வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். அவர் இரண்டாவது வடையைக் கையில் எடுத்த பிறகு ஐயா தொடங்கினார்.

"உங்கடை தம்பிக்கு அறுபதாம் கல்யாணம் வைக்கிறம். மாப்பிள்ளை வீட்டிலை ஆர் மூத்தது?"

"நான்தானுங்க. அப்பா அம்மா போயாச்சே."

"பதிவாளரும் வருவார். பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க ஒரு மூத்த ஆள் வேணும்."

வீரமுத்து வடையைத் தட்டில் வைத்தார். அவர் ஒன்றும் விபரம் தெரியாதவர் அல்ல. "அதுல நான் கையெழுத்து வச்சா என்னா அர்த்தம்னு சொல்லுங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "உங்கடை தம்பிக்கும் காத்தாயிக்கும் கல்யாணம் நடந்தது, நான் கண்ணாலை கண்டனான் எண்டு அர்த்தம். பிறகு ஒரு நாளும் அதை இல்லையெண்டு சொல்ல ஏலாது. ஒளிக்காமல் சொல்லுறன். விருப்பமில்லாட்டி வையாதேங்கோ."

நான் தட்டெழுத்து இயந்திரத்தைப் பார்த்தபடி இருந்தேன். வீரமுத்து தேநீரைச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். சோறு தின்கிற இடத்தில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றார், எங்களைப் பார்க்காமல். தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"சேலை என்னா கலர்ல எடுக்குறது? அவளுக்குப் பச்சை புடிக்காது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அரக்குச் சிவப்பில் எடுத்தார். சரோஜா சொன்னதை அப்படியே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, தன்னுடைய பிள்ளைகள் எல்லாரையும் பின்னால் வரச்சொல்லி, வேலியைச் சுற்றிப் பாதையால் வந்திருக்கிறார். காத்தாயி வாசலில் நின்றிருக்கிறார். இருவரும் எவ்வளவோ மாதங்களாகப் பேசாதவர்கள்.

"வேலிக்கு அங்கிட்டு இருக்கிறவருக்கு இம்புட்டுத் தூரம் சுத்தி வரவா வழி தெரிஞ்சிச்சி?" என்று கேட்டாராம் காத்தாயி.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குறுக்குப் பாதையில வரக்கூடாதுல்ல," என்றாராம் வீரமுத்து.

அடுத்த நாள் காலையில் ஐயாவின் காரில் நாங்கள் போனோம். ஐயா, நான், காசிம் நானா, எதிர்க்கடைத் தையற்காரர் பியதாச மாத்தையா. மேளம் இருந்தது. பெருமாளை அதிக நேரம் உட்கார வைக்கக் கூடாது என்று நான் பூசாரியிடம் மூன்று தடவை சொன்னதால், அவர் மந்திரங்களை வேகமாகச் சொன்னார். பிள்ளைகள் நாலு பேரும் பெற்றோருக்கு நீர் வார்த்தார்கள். தாலி கட்டும்போது பெருமாளின் கை நடுங்கியது. "மொத தடவையும் இப்படித்தான் நடுங்கிச்சி," என்று காத்தாயி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பிறகு பதிவாளர் புத்தகத்தை விரித்தார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்தபோது காத்தாயி தடுத்தார். அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து மகளிடம் சிலேட்டில் எழுதிப் பழகியிருக்கிறார். பதிவாளர் முறைப்படி கேட்டார், இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று.

காத்தாயி பெருமாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"கொஞ்சம் யோசிக்கணும்ங்க," என்றார்.

முதலில் சிரித்தவர் வீரமுத்து. பிறகு மேளக்காரர்கள்வரை எல்லாரும் சிரித்தார்கள். பெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, கல் குத்துது," என்றார். பதிவாளர் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார். நன்றாகக் காக்க வைத்த பிறகுதான் காத்தாயி, "சரி, சம்மதம்," என்றார். கா, த், தா, யி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு. அதன் கீழே சாட்சியாக வீரமுத்து, கோணல் இல்லாமல், பெரிய எழுத்தில்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது வேலை. உள் அறையில் மரண சாசனம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளியே போங்கள் என்று ஐயா சொன்னதும் வீரமுத்துவின் முகம் மாறியது. "காலையில நான் வேணும், இப்ப நான் வேணாமா? நானாவும் மாத்தையாவும் உள்ள இருக்காங்க, கூடப்பொறந்தவன் வெளியவா?" நம் ஆட்கள் இதில்தான் தவறுவார்கள். நல்ல காரியத்துக்குச் சொந்தத்தைச் சாட்சி வைப்பது மரியாதை என்று பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் மரண சாசனத்துக்கும் மகனையோ மகளையோ சாட்சி வைத்துவிட்டால், சாட்சி போட்டவருக்கு எழுதிய பங்கு இல்லாமல் போய்விடும். ஐயா அதை அவருக்குச் சொன்னார்; வீரமுத்துவுக்குப் பங்கு இல்லைதான், ஆனாலும் சொந்தம் யாரும் வேண்டாம் என்பது அவருடைய முறை. "கல்யாணத்துக்குச் சொந்தம், சாசனத்துக்கு அந்நியர்."

"அந்நியனா? காலையிலேருந்து நாலு பந்திக்கு எலை போட்டது இந்த அந்நியந்தான்," என்றார் காசிம் நானா. வீரமுத்து சிரித்துக்கொண்டே வெளியே போனார். போகும்போது ஐயாவிடம், "என்னைய நல்லாக் கட்டிப்போட்டுட்டீங்க ஐயா," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க, பெருமாள் வாசித்ததைக் கேட்டு, தன் வாயால் திருப்பிச் சொன்னார். "என் வீடும் காணியும் என் பொஞ்சாதிக்கு. அவளுக்குப் பொறகு பிள்ளைங்களுக்கு." அவ்வளவுதான். சாவு என்ற பேச்சே அறைக்குள் வரவில்லை. வெளியே மேளக்காரர்கள் இன்னும் போகவில்லை.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. கல்லை ஒரு சிறு போத்தலில் போட்டுக் கொடுத்தார்களாம். வீரமுத்துதான் வாடகைக் கார் பிடித்துத் தம்பியைக் கூட்டி வந்தார். அந்தச் சாசனம் இன்றுவரை யாருக்கும் தேவைப்படாமல் ஐயாவின் பெட்டகத்தில் இருக்கிறது. இன்னும் பல காலம் அங்கேயே கிடக்கட்டும். சாதிக்காய் மரங்களைப் பற்றி அண்ணனும் தம்பியும் இப்போதும் சண்டை போடுகிறார்கள். காத்தாயி இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தானே பறித்துக்கொள்கிறார்.

அதுதான் நான் வேலை பார்த்த கடைசிப் பெரிய காரியம். அடுத்த மாதம் விலகினேன், மகள் பிறந்தாள்.

இத்தனை பேருக்குச் சாசனம் அடித்த நான் எனக்கென்று ஒன்று எழுதவில்லை என்பது மகள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் என்னை அரிக்க ஆரம்பித்தது. நானும் என் கணவரும் ஒன்றாகப் பஸ்ஸில் ஏறினால் மனம் எங்கெங்கோ போனது. அவரிடம் சொன்னேன். "நமக்கு ஒரு ரேடியோவும் ஒரு தையல் மெஷினும் இருக்கு. இதுக்கு நொத்தாரிசா?" என்றார்.

"மகள் இருக்கா," என்றேன். அவர் அடுத்த நாளே லீவு போட்டார்.

பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசியிருந்ததை நான் பார்த்தது அன்றுதான். மங்களா அடித்தாள். எங்கள் இருவருக்கும் ஏதும் ஆனால் மகளுக்கு யார் பாதுகாவலர் என்பதுதான் முக்கிய விஷயம். என் தங்கை என்று எழுதினோம். அவளை வெளியே இருக்கச் சொன்னோம். ஒரு சாட்சி காசிம் நானா. இன்னொருவர் வேண்டும் என்றபோது, மாத்தளைக்கு மிளகு விற்க வந்திருந்த காத்தாயி வாசலில் நின்று, "நான் போடக் கூடாதா? எனக்குத்தான் கையெழுத்துத் தெரியுமே," என்று கேட்டார். சொந்தமில்லை, பங்கில்லை, என்னை நன்றாகத் தெரியும். ஐயா அவரை உள்ளே வரச் சொல்லி அரைக்கதவைச் சாத்தினார்.

எங்களிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். என் மடியில் மகள் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஐயா வாசித்தார். எத்தனையோ முறை நான் அடித்த வரிகள்தான். ஆனால் என் மகளின் பெயர் வந்த இடத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது, அதற்குப் பிறகு வந்த எதையும் நான் கேட்கவில்லை. கண்ணாடி மடிந்தது.

"இப்ப எனக்கு ஒண்டும் தெரியாது. பிள்ளை, நீர் சொல்லும். இதிலை என்ன இருக்கு?"

"ஆமாங்க," என்றேன்.

மங்களா வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐயா பேனாவைத் தொடவில்லை. எப்போதும் போலக் காத்திருந்தார்.

"யோசிச்சுச் சொல்லட்டும் ஐயா," என்றார் காத்தாயி. "அவசரமில்லை. என்னைய எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்கல்ல."

என் மடியிலிருந்த பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.